சட்டையும் சிலம்பும்

மயிலாப்பூரில் கச்சேரி சாலை என்றொரு சாலை உண்டு. அப்பெயரைப் புதிதாகக் கேட்பவர் மார்கழி மாதத்து இசையரங்குகளை எண்ணிக்கொள்ளக்கூடும். ஆனால் 'கச்சேரி' என்னும் சொல் நம் முன்னோர் வழக்கில் பாட்டரங்கை மட்டும் குறித்ததன்று. அரசு அலுவலகத்தையும் வழக்கு மன்றத்தையும் குறித்தது. ஒருவன் கச்சேரிக்குப் போகிறான் என்றால், வீட்டிலிருப்போர் கவலைப்பட்ட காலம் அது. அதே சாலையில் ஒரு பள்ளிவாசலும் இருக்கிறது. உயர்நீதிமன்றத்துப் பெருவழக்கறிஞர் பலர் குடியிருந்த பேட்டையில், வழக்கு மன்றத்தின் பெயர் தாங்கிய சாலையில், இறைவனின் நீதியை நினைவூட்டும் இல்லம் ஒன்று அமைந்திருப்பதை எண்ணும்போது, நெடுநாளாக என் உள்ளத்தில் கிடந்த வினா ஒன்று மீண்டும் எழுகிறது. குற்றம் செய்யாதவனைக் குற்றவாளி என்று உலகம் தீர்த்துவிட்ட கதையைத் தமிழ் எழுத்து எவ்வாறு சொல்லியிருக்கிறது? சொன்ன விதத்தால் நமக்குக் கிடைத்தது கண்ணீர் மட்டுந்தானா, அறிவும் கிடைத்ததா?

இவ்வினாவை ஆராயப் புகுமுன் ஓர் அளவுகோல் வேண்டும். அதனை நம் இல்லங்கள் தோறும் ஓதப்படும் சூரா யூசுபிலிருந்தே எடுத்துக்கொள்வோம். வரலாறுகளுள் மிக அழகியது என்று இறைவனே அதனைச் சிறப்பிக்கிறான். ஆயினும் அதன் அழகை நாம் எங்கே கண்டோம்? பாரசீகத்தில் ஜாமி 15ஆம் நூற்றாண்டில் பாடியதும், தமிழில் கவிஞர் சாரண பாஸ்கரன் காப்பியமாக்கியதும் யூசுபையும் ஜுலைகாவையும் இணைத்துப் பெயர் சூட்டப்பெற்றவை. அந்தப் பெண்ணின் பெயரைத் திருக்குர்ஆன் குறிப்பிடவில்லை என்பதை நாம் கவனிப்பதில்லை. கவிமரபு காதலைத் தேர்ந்துகொண்டது. அது கவிஞர் உரிமை. ஆனால் அவ்வரலாற்றின் நடுப்பகுதி முழுவதும் ஒரு வழக்கின் வரலாறு என்பதை நாம் மறந்துவிடலாகாது.

அவ்வழக்கை நோக்குவோம். யூசுப் நபி (அலை) மீது பழி சுமத்தப்படுகிறது. அந்தப் பெண்ணின் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரே நேர்மையான சோதனை ஒன்றைச் சொல்கிறார்: சட்டை முன்புறம் கிழிந்திருந்தால் அவள் சொல் மெய், பின்புறம் கிழிந்திருந்தால் அவர் சொல் மெய். சட்டை பின்புறம் கிழிந்திருக்கிறது. சான்று தெளிவாகிவிட்டது; கணவனும் உண்மையை உணர்ந்துவிட்டான். அதன் பிறகுதான், சான்றுகளைக் கண்ட பின்னும், அவரைச் சில காலம் சிறையிலிடுவதே தங்களுக்கு நலமென அவர்கள் முடிவு செய்கிறார்கள். உண்மை தெரியாமையால் மட்டும் குற்றமற்றவர் சிறைக்குச் செல்வதில்லை. தெரிந்த உண்மை அதிகாரத்துக்குச் சங்கடமாக இருப்பதாலும் செல்கின்றனர். இதனை இவ்வளவு சுருக்கமாக உணர்த்திய வேறொரு வரலாறு எளிதில் கிட்டாது.

இரண்டாவது படிப்பினை இன்னும் ஆழமானது. ஆண்டுகள் பல கழிந்து, கனவுக்கு விளக்கம் சொன்னமையால் மன்னனின் ஆள் அவரை அழைக்க வருகிறான். சிறைக்கதவு திறந்துவிட்டது. அவரோ வெளியே வர மறுக்கிறார். தம் கைகளை அறுத்துக்கொண்ட அந்தப் பெண்களின் செய்தி என்னவென்று முதலில் மன்னன் விசாரிக்கட்டும் என்கிறார். விசாரணை நடக்கிறது, பெண்கள் சான்று சொல்கின்றனர், பழி சுமத்தியவளே உண்மையை ஒப்புகிறாள். பெயர் துலங்கிய பின்னரே அவர் வெளியேறுகிறார். யூசுப் இருந்த காலமளவு தாம் சிறையில் இருந்திருந்தால், அழைப்பாளனின் அழைப்பை ஏற்றிருப்போம் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அந்தப் பொறுமையைப் போற்றியதாக ஹதீஸ் கூறுகிறது. விடுதலை வேறு, குற்றமின்மை நிலைநாட்டப்படுதல் வேறு என்பது இதனால் விளங்கும். இதுவே நம் அளவுகோல்.

இதனைக் கையில் கொண்டு தமிழுக்கு வருவோம். நம் மொழியில் இப்பொருளின் மூலநூல் சிலப்பதிகாரம். கடற்கரைச் சாலையில் கண்ணகி சிலை 1968இல் நிறுவப்பெற்றது. 2001இல் அகற்றப்பெற்று, 2006இல் மீண்டும் வைக்கப்பெற்றது. சிலம்பேந்திய அவ்வுருவத்தைக் காணும் எவரும் வீரத்தையும் கற்பையும் நினைக்கின்றனர். ஆனால் அவள் கையில் இருப்பது சான்றுப்பொருள் அல்லவா? அரசியின் சிலம்பில் முத்து. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உடைத்துக் காட்டியதும் வழக்கு முடிந்தது. சட்டையைப் போலவே சிலம்பும் வாய் திறவாமல் உண்மை சொன்னது. வேறுபாடு ஒன்றே: அங்கே சான்று முதலில் பார்க்கப்பட்டது, நீதி பின்னர் மறுக்கப்பட்டது. இங்கே தண்டனை முதலில் நிறைவேறியது, சான்று பின்னர் பார்க்கப்பட்டது. பொற்கொல்லன் ஒருவனின் சொல்லை மட்டும் கேட்டு, எதிரியை அழைத்து ஒரு வினாவும் வினவாமல் பாண்டியன் ஆணையிட்டான். தவறு வெளிப்பட்டதும் அவன் உயிர் துறந்ததை நாம் வியந்து போற்றுகிறோம். போற்றத்தக்கதே. ஆயினும் மன்னன் இறந்ததனால் அடுத்த கோவலன் காப்பாற்றப்பட்டானா?

காப்பியம் இதற்கு விடை தருகிறது. அந்த விடையை நம் மேடைகள் பேசுவதில்லை. பின்னர் ஆட்சிக்கு வந்த வெற்றிவேற் செழியன், நடந்த அநீதிக்குச் சாந்தியாக ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான் என்று சிலம்பு கூறுகிறது. பொய் சொன்னவன் ஒருவன். உயிர் கொடுத்தவர் ஆயிரவர். விசாரணையின்றி ஒருவனைக் கொன்ற பிழைக்கு, விசாரணையின்றி ஆயிரவரைக் கொன்றது கழுவாயாகக் கருதப்பட்டது. ஒருவன் செய்த குற்றத்தை அவன் குலத்தின் மீது ஏற்றும் வழக்கம் இத்துணைப் பழையது. இளங்கோவடிகள் இதனை மறைக்காமல் எழுதிவைத்தது அவர் நேர்மை. அதனைப் படித்தும் பேசாமல் கடந்துபோனது நம் குறை.

அடுத்து, தியாகராய நகருக்கு வருவோம். அங்கே கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனின் சிலை நிற்கிறது. 1969 ஜனவரியில் அறிஞர் அண்ணா திறந்துவைத்த சிலை. அவர் கலந்துகொண்ட இறுதிப் பொது நிகழ்ச்சி அதுவே. தமிழகத்தைச் சிரிக்கவைத்த அம்மனிதர், கொலைக் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டு இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் சிறையில் இருந்தவர் என்பதை அவ்வழியே துணிக்கடைகளுக்குச் செல்லும் இளையோருள் எத்தனை பேர் அறிவர்?

1944 நவம்பரில் 'இந்து நேசன்' பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் சென்னையில் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். எம்.கே. தியாகராஜ பாகவதரும் கலைவாணரும் சதி செய்ததாகக் கைதாயினர். 1945 மே மாதம் ஜூரர்களுள் அறுவர் 'குற்றவாளிகள்' என்றும் மூவர் 'அல்லர்' என்றும் சொல்ல, ஆயுள் தண்டனை விதிக்கப்பெற்றது. அவ்வாண்டு அக்டோபரில் உயர்நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளியது. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சிலுக்குச் சென்றது; அது முறையீட்டை மீண்டும் விசாரிக்கும்படி சென்னைக்கே திருப்பியது. வழக்கறிஞர் எதிராஜ் வாதாட, நீதிபதிகள் ஹாப்பெல், ஷஹாபுத்தீன் இருவரும் 1947 ஏப்ரலில் அவர்களை விடுவித்தனர். அந்த ஷஹாபுத்தீன் அவர்களே பின்னாளில், 1960இல், பாகிஸ்தானின் தலைமை நீதிபதியாகச் சில நாட்கள் இருந்தவர். சான்றுகள் அவையேதாம், இரண்டாம் முறை அவற்றை உற்றுநோக்கக் கண்கள் கிடைத்தன என்பதே வேறுபாடு.

இவ்வழக்கைப் பற்றி எத்தனையோ கட்டுரைகளும் நினைவுக் குறிப்புகளும் வந்துள்ளன. 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளி கண்டது, பாகவதரின் செல்வம் கரைந்தது, வெளிவந்தபின் 'ராஜமுக்தி' எடுபடவில்லை, 1959இல் அவர் மறைந்தார் என்று அவை உருகுகின்றன. கலைவாணர் 'நல்லதம்பி', 'மணமகள்' என்று மீண்டும் எழுந்ததையும் சொல்கின்றன. யாவும் உண்மை. ஆனால் இவ்வெழுத்தின் பெருங்குறை, ஒரு நீதிப் பிழையை விதியின் விளையாட்டாக்கிவிட்டதே. உச்சியில் இருந்தவன் வீழ்ந்தான் என்னும் பழைய கதைச் சட்டத்துக்குள் வழக்கை அடைத்துவிட்டார்கள். இலண்டன் வரை வழக்குக் கொண்டுசெல்லப் பொருள் இருந்ததனால் அன்றோ அவர்கள் மீண்டனர்? பொருள் இல்லாதவன் 1945 அக்டோபரோடு முடிந்திருப்பான். ஆயுள் தண்டனைக் கைதியாகவே மறைந்திருப்பான். இந்த வினாவை எழுப்பாத நினைவு, நடிகர்க்குச் செய்த அஞ்சலியாகலாம்; நீதிக்குச் செய்த தொண்டாகாது.

பொருள் இல்லாதவனின் கதையை எழுதவும் ஒருவர் வந்தார். கோவையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார், 1980களின் தொடக்கத்தில் குண்டூரில் கூலி வேலை செய்தபோது காவல் நிலையத்தில் பட்ட கொடுமையை 'லாக்கப்' என்னும் நூலாக்கினார். செய்யாத திருட்டை ஒப்புக்கொள் என்று அடிக்கப்பட்டவரின் நேர்வாக்கு அது. அதனைத் தழுவி வெற்றிமாறன் எடுத்த 'விசாரணை' 2015இல் வெனிஸ் திரைவிழாவில் அம்னஸ்டி அமைப்பின் இத்தாலியக் கிளை வழங்கிய விருதைப் பெற்றது. 2016இல் இங்கே திரைக்கு வந்தது.

அப்படத்தின் முதற்பாதியை நான் பெரிதும் மதிக்கிறேன். ஒப்புதல் வாக்குமூலம் என்பது எவ்வாறு உற்பத்தி செய்யப்படுகிறது என்பதை அது படிப்படியாகக் காட்டுகிறது. காவலர்க்கு உண்மை தேவையில்லை. முடிக்கப்பட்ட வழக்கொன்று தேவை. பிடிபட்ட தமிழ்க் கூலிகளுள் ஒருவன் பெயர் அப்சல். நம் வீட்டுப் பிள்ளையின் பெயர். அவனும் பாண்டியும் முருகனும் ஒரே அடியைத்தான் வாங்குகிறார்கள். தெலுங்கு நடக்கும் நீதிமன்றத்தில் அவர்களுடைய தமிழைப் பெயர்த்துச் சொல்ல ஒருவர் வாய்த்ததனால்தான் நீதிபதிக்கு உண்மை எட்டுகிறது. மொழி புரியாத மன்றத்தில் ஏழைக்கு நீதி என்பது தற்செயலே என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலாது.

ஆனால் பிற்பாதி நூலைவிட்டு விலகித் தமிழ்நாட்டுக் காவல் நிலையம் ஒன்றுக்கு வருகிறது. அங்கே தங்க நேர்ந்தவர்கள் உயிரோடு மீள்வதில்லை. அதிகாரத்தின் ஆழத்தைக் காட்ட இயக்குநர் தேர்ந்த வழி இது என்பதை அறிவேன். எனினும் ஒன்றை இழந்துவிட்டார். 'லாக்கப்' நூலின் உயிர், அதனை எழுதியவர் மீண்டார் என்பதில் இருக்கிறது. அடிபட்டவனே சாட்சியாகி எழுந்து நின்று பேசுகிறான். அந்தப் பேச்சே அநீதிக்கு எதிரான முதல் வெற்றி. திரைப்படத்தில் சாட்சிகள் அழிக்கப்படுகிறார்கள். பார்வையாளன் கனத்த நெஞ்சுடன் வீடு செல்கிறான். செய்வதற்கு ஒன்றுமில்லை என்று எண்ணிக்கொள்கிறான். இறையருளில் நம்பிக்கை இழத்தலை நம் மார்க்கம் கண்டிக்கிறது. அவநம்பிக்கை கலையில் உண்மையாக ஒலிக்கலாம். சிறையில் இருப்பவனுக்கோ அது உதவுவதில்லை.

2021இல் வந்த 'ஜெய் பீம்' இதற்கு நேர் எதிரான குறையுடையது. 1993இல் கடலூர்ப் பகுதியில் காவல் நிலையத்தில் உயிரிழந்த ஓர் ஏழைத் தொழிலாளியின் வழக்கையும், அதனை நடத்திய வழக்கறிஞர் கே. சந்துருவின் உழைப்பையும் அடிப்படையாகக் கொண்டது இது. சந்துரு பின்னர் உயர்நீதிமன்ற நீதிபதியானவர். படத்தின் தொடக்கக் காட்சி மறக்கவொண்ணாதது. சிறைவாசலில் விடுதலையாகி வருவோரைச் சாதி கேட்டுப் பிரிக்கிறார்கள். ஆதரவற்ற குலத்தவரை, முடிக்கப்படாத வழக்குகளைச் சுமத்துவதற்காக வெவ்வேறு காவல் நிலையத்தாரிடம் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள். வெற்றிவேற் செழியன் காலத்துப் பொற்கொல்லர் நினைவு எனக்கு அங்கே வந்தது. அந்த ஒரு காட்சிக்காகவே இயக்குநர் ஞானவேலுக்கு நன்றி சொல்லலாம்.

ஆனால் அதன் பின் படம் கதாநாயகனின் தோளில் ஏறிக்கொள்கிறது. வழக்கறிஞர் மன்றத்தில் நின்றாலே வெற்றி என்னும் உணர்வு பரவுகிறது. மெய்யான வழக்குகளில் வாய்தாவும், காணாமற்போன ஏடும், பின்வாங்கும் சாட்சியும், ஊதியமின்றி உழைக்கும் இளம் வழக்கறிஞரும், காத்திருந்து நரைக்கும் மனைவியும் இருக்கிறார்கள். செங்கேணியின் விடாப்பிடியே அவ்வழக்கின் அச்சாணி. படம் அதனை உணர்ந்திருக்கிறது, ஆயினும் ஒளியை வேறிடத்தில் பாய்ச்சுகிறது. ஒரு படம் எவராலும் காக்க இயலாது என்கிறது. மற்றொன்று ஒருவரே காத்துவிடுவார் என்கிறது. பலர் சேர்ந்து, நெடுங்காலம், சிறிது சிறிதாகக் காக்கிறார்கள் என்பதே உண்மை. அதனைச் சொல்லும் படைப்பு தமிழில் இன்னும் வரவேண்டியிருக்கிறது.

அத்தகைய படைப்புக்கு அருகில் வருவது, கலைப்படைப்பு என்று தன்னைச் சொல்லிக்கொள்ளாத ஒரு நூல். பேரறிவாளன் எழுதிய 'தூக்குக் கொட்டடியிலிருந்து ஒரு முறையீட்டு மடல்' அது. ராஜீவ் காந்தி கொலையைப் புலனாய்ந்த சிறப்புக் குழுவின் அலுவலகம், அடையாற்றை நோக்கிச் செல்லும் பசுமைவழிச் சாலையில் 'மல்லிகை' என்னும் கட்டடத்தில் இருந்தது. மென்மையான பெயர். 1991 ஜூனில் கைதானபோது அவருக்கு 19 வயது. 1998 ஜனவரியில் பூந்தமல்லித் தனிநீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. 1999 மே மாதம் உச்சநீதிமன்றம் அவர்களுள் 19 பேரை விடுவித்தது. மூவர்க்கு ஆயுள், பேரறிவாளன் உள்ளிட்ட நால்வர்க்குத் தூக்கு. சற்றே நின்று இவ்வெண்ணிக்கையை எண்ணிப்பாருங்கள்: தூக்குக் கயிற்றுக்கு அனுப்பப்பட்டவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் விடுவிக்கப்பட்டனர்.

காவலரிடம் கொடுத்த ஒப்புதல் சான்றாகாது என்பது நம் பொதுச் சட்டம். தடாச் சட்டம் அதற்கு விலக்களித்தது. இவ்வழக்கில் தடாக் குற்றம் நிலைக்கவில்லை என்று சொன்ன உச்சநீதிமன்றம், அச்சட்டத்தின்கீழ்ப் பெற்ற வாக்குமூலங்களை ஏற்றுக்கொண்டது. அவ்வாக்குமூலத்தைப் பதிந்த அதிகாரி தியாகராஜன், மின்கலம் எதற்கென்று தமக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் சொன்ன பகுதியைத் தாம் விட்டுவிட்டதாக 2013இல் வெளிப்படையாகக் கூறினார். 2014இல் தூக்கு ஆயுளாகக் குறைந்தது; 2022 மே மாதம் உச்சநீதிமன்றம் தன் சிறப்பதிகாரத்தால் அவரை விடுவித்தது. அன்னை அற்புதம் அம்மாள் 31 ஆண்டுகள் நடந்த நடை முடிந்தது.

மடலின் நடை எளியது. வாதம் வாதமாக, ஆவணம் ஆவணமாகச் செல்வது. இலக்கிய அழகை அதில் தேடுவோர் ஏமாறலாம். ஆயினும் 'என்னை மன்னியுங்கள்' என்று கேட்காமல் 'என் வழக்கைப் பாருங்கள்' என்று கேட்பதே அதன் தனிச்சிறப்பு. யூசுப் நபி (அலை) கேட்டதும் அஃதே அன்றோ? ஆனால் இங்கே வாயில் திறந்தது, விசாரணை திறக்கவில்லை. சட்டத்தின் ஏட்டில் அவர் விடுவிக்கப்பட்ட கைதியேயன்றிக் குற்றமற்றவர் எனத் தீர்க்கப்பட்டவர் அல்லர். அக்கொலையில் உயிரிழந்தோர் குடும்பங்களின் துயரையும் நாம் மறக்கலாகாது. வழக்கின் முழு உண்மை துலங்குவது அவர்களுக்கும் உரிய கடனே.

இனி நம் வீடுகளுக்கு வருவோம். இப்பொருளைப் பேசத் தொடங்கினால், நம்மவர் நெஞ்சில் முதலில் எழுவன நம் பிள்ளைகளின் பெயர்கள். அதற்குக் காரணம் உண்டு. அக்ஷர்தாம் வழக்கில், தூக்கு விதிக்கப்பட்ட மூவர் உள்ளிட்ட அறுவரை 2014 மே மாதம் உச்சநீதிமன்றம் விடுவித்தது. அவர்களுள் ஒருவரான முஃப்தி அப்துல் கய்யூம் தம் 11 ஆண்டுச் சிறைவாழ்வை நூலாக்கினார். 14 ஆண்டுகள் சிறையிருந்த தில்லி முஹம்மது ஆமிர் கானும், மும்பையில் 2015இல் விடுதலையான அப்துல் வாஹித் ஷேக்கும் தம் கதையை எழுதியுள்ளனர். இந்நூல்கள் உருதுவிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் பேசப்பட்ட அளவுக்குத் தமிழில் பேசப்படவில்லை. நம் பதிப்பாளர் எண்ணிப்பார்க்கவேண்டும்.

விடுதலையானவர்க்கு ஈடு என்ன? இழந்த ஆண்டுகளுக்கு ஈடு தரவேண்டும் என்னும் முறைப்படியான சட்டம் நம் நாட்டில் இல்லை. 1983இல் ருதுல் ஷா வழக்கில், விடுதலைத் தீர்ப்புக்குப் பின்னும் 14 ஆண்டுகள் சிறையில் வைக்கப்பட்டவருக்கு உச்சநீதிமன்றம் 35,000 ரூபாய் வழங்கச் செய்தது. அக்ஷர்தாம் வழக்கில் விடுதலையானோரின் ஈட்டுக் கோரிக்கையை 2016இல் அதே நீதிமன்றம் ஏற்கவில்லை. 2018இல் சட்ட ஆணையம் தன் 277ஆவது அறிக்கையில், தவறான வழக்குத் தொடுப்புக்கு ஈடளிக்கத் தனிச்சட்டமும் தனிமன்றமும் வேண்டுமென்று பரிந்துரைத்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அப்பரிந்துரை இடம்பெறவில்லை. காரணமின்றி ஒருவரைக் கைது செய்வித்தவரிடமிருந்து பெற்றுத்தரக்கூடிய தொகைக்கு மட்டும் விதி உண்டு. அதன் உச்சவரம்பு 1,000 ரூபாய்!

ஆனால் நம்மவர் துயரை மட்டும் எண்ணி நின்றுவிடுவோமாயின், நாமும் பொற்கொல்லர் குலத்தைப் பார்த்த பார்வையில்தான் உலகைப் பார்க்கிறோம். சூரா அன்னிஸாவில் 105ஆவது வசனத்திலிருந்து தொடரும் பகுதிக்கு விரிவுரையாளர் கூறும் பின்னணியை நினைவுகூர்வோம். மதீனாவில் துஃமா என்பவன் கவசம் ஒன்றைத் திருடி, பழியை ஒரு யூதர் மீது போட்டான். அவன் குலத்தார் அவனுக்காகப் பரிந்து பேசினர். நம்மவன், முஸ்லிம் என்று பெயர் தாங்கியவன். எதிரில் இருப்பவரோ வேற்றுச் சமயத்தார். அந்நிலையில் வசனம் இறங்கியது: மோசடிக்காரர்க்காக வாதாடலாகாது என்று. குற்றமற்ற யூதரின் பெயர் வானிலிருந்து துலக்கப்பட்டது. தான் செய்த பாவத்தை நிரபராதி மீது எறிபவன் பெரும் பழியைச் சுமக்கிறான் என்றும் அங்கே எச்சரிக்கப்படுகிறது. இதனை ஓதும் சமுதாயம், இருளரும் குறவரும் பொய் வழக்கில் அடைபடும்போது அது தன் வழக்கன்று என்று கூற இயலுமா?

செய்யத்தக்கவை பெரியன அல்ல. அரசியலமைப்பின் 39ஏ பிரிவு இலவசச் சட்ட உதவியை வாக்களிக்கிறது. 1987ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கென மாவட்டந்தோறும் அமைப்பை ஏற்படுத்தியது. சிறையிலிருப்போர் எவரும் அவ்வுதவிக்கு உரியர். இதனை அறியாத குடும்பங்கள் ஏராளம். ஒவ்வொரு ஜமாஅத்தும் இதனைச் சொல்லித்தரலாம். சட்டம் பயிலும் நம் ஆண் பெண் பிள்ளைகளை, பொருள் தரும் வழக்குகளோடு, பொருள் தராத வழக்குகளில் சிலவற்றையும் ஏற்கும்படி ஊக்கலாம். ஜகாத் பெறுவோர் எட்டு வகையினருள் அடிமைத் தளையிலிருந்து மீட்கப்படுவோரும் ஒருவர். அது சிறைப்பட்ட நிரபராதிக்கும் பொருந்துமா என்பதை உலமாக்கள் முடிவுசெய்யட்டும். சதகா பொருந்தும் என்பதில் ஐயமில்லை. எழுதத் தெரிந்தோர், மீண்டு வந்தவரிடம் அமர்ந்து அவர் சொல்வதைத் தேதியோடும் இடத்தோடும் எழுதிவைக்கலாம்.

கச்சேரி சாலைப் பள்ளிவாசலில் தொழுது வெளிவரும் ஒருவர், அன்று ஓதிய வசனங்களில் சிறைவாசியின் கிழிந்த சட்டை ஒன்று இருந்ததை நினைவில் கொண்டு, தமக்குத் தெரிந்த ஒரு சிறைவாசியின் வீட்டுக் கதவைத் தட்டுவாராயின், இக்கட்டுரை எழுதிய பயன் நிறைவேறும். நீதியில் நிலைத்து நிற்கும் நெஞ்சத்தை வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக.